பார்க்காததை அனுப்பாதீர்கள்: சிறுவர் காணொளிகளைத் தேர்ந்து பரிந்துரைக்க ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறையிலும் பாயான் லெப்பாஸிலும் உள்ள தொழிற்சாலைகளில் 12 மணி நேர ஷிப்ட் முடித்து வந்த அப்பா அம்மாக்கள் உறங்கும் நேரத்தில், அவர்களுடைய பிள்ளைகள் பாட்டியின் மடியில் உட்கார்ந்து பாட்டியின் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டர்வொர்த்தில் தமிழ்ப் பாலர் வகுப்பு நடத்தும் எனக்கு இது நன்கு பழகிய காட்சி. யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. முழங்கால் வலியோடு மூன்று பேரப்பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் பாட்டிக்குச் சோறு வடித்து இறக்க அரை மணி நேரம் வேண்டும். அந்த அரை மணியைக் கைப்பேசிதான் கொடுக்கிறது.

எங்கள் வகுப்புப் பெற்றோர், பாட்டி தாத்தாக்கள் எல்லாரும் சேர்ந்த புலனக் (வாட்ஸ்அப்) குழு ஒன்று இருக்கிறது. அதில் வாரத்துக்கு மூன்று காணொளிகளைப் பரிந்துரைக்கும் வேலையை நானும் இரண்டு தாய்மார்களும் நான்கு ஆண்டுகளாகச் செய்து வருகிறோம். இது ஒரு தவறில் தொடங்கியது. ரயில் பாட்டு வேண்டும் என்று ஒரு பாட்டி கேட்டார். தலைப்பையும் முகப்புப் படத்தையும் பார்த்துவிட்டு ஒரு மணி நேரத் தொகுப்பு ஒன்றை அனுப்பினேன். முதல் பத்து நிமிடம் ரயில்தான் ஓடியது. அதன் பிறகு ஒட்டப்பட்டிருந்த கதையில் ஒரு பெண்ணை இருட்டறையில் பூட்டிப் பட்டினி போட்டார்கள். நான்கு வயதுப் பிள்ளை இரண்டு இரவுகள் விளக்கை அணைக்க விடவில்லை. "டீச்சர் அனுப்பியது என்றுதான் பார்க்காமல் கொடுத்தேன்" என்றார் பாட்டி. அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நாம் ஒன்றைப் பரிந்துரைக்கும்போது அடுத்தவர் கவனித்துப் பார்க்க வேண்டிய பொறுப்பை நாம் வாங்கிக்கொள்கிறோம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தவை.

முதல் படி: யாருக்கு, எவ்வளவு நேரம் என்று முடிவு செய்யுங்கள்

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பற்றியது. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம் என்கிறது. இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், அதற்கும் குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது. மிகச் சிறிய பிள்ளைகள் திரையில் கேட்கும் சொல்லைவிட, எதிரில் இருக்கும் மனிதர் வாயிலிருந்து கேட்கும் சொல்லை எளிதாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதும் பல ஆய்வுகள் உறுதிசெய்த உண்மை. ஆகவே இரண்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு நாங்கள் பட்டியல் தருவதில்லை. யாராவது கேட்டால், வேறூரில் இருக்கும் அத்தையோடு முகம் பார்த்துப் பேசவிடுங்கள் என்று மட்டும் சொல்கிறோம்.

வாரத்துக்கு மூன்று போதுமா என்று புதிதாகச் சேர்பவர்கள் கேட்பார்கள். போதும். பிடித்ததை இருபது முறை பார்ப்பதுதான் பிள்ளைகளின் இயல்பு. நீளமான பட்டியலைக் கேட்பது பெரியவர்கள்தான்.

இரண்டாம் படி: கைப்பேசியைத் தயார் செய்யுங்கள்

பட்டியல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கைப்பேசி திறந்த கதவாக இருந்தால் பயனில்லை. சிறு பிள்ளை என்றால் யூடியூப் கிட்ஸ் செயலியை நிறுவுங்கள். அதில் நான்கு வயது வரை, 5 முதல் 8 வரை, 9 முதல் 12 வரை என்று மூன்று நிலைகள் உண்டு. நான்காவதாக, நீங்களே ஒப்புதல் தந்த காணொளிகளும் அலைவரிசைகளும் மட்டும் தெரியும்படி வைக்கும் வழி ஒன்றும் இருக்கிறது. என் கருத்தில் எட்டு வயது வரை அந்த நான்காவது வழிதான் சரி. அதில் பிள்ளை எதையும் தேட முடியாது. அமைப்பதற்கு ஒரு மாலை நேரம் போகும், ஆனால் ஒருமுறை அமைத்தால் போதும். செயலிக்குள் நேரக் கட்டுப்பாடும் உண்டு. நேரம் முடிந்ததும் அதுவே பூட்டிக்கொள்ளும். பிள்ளை அழுதால் அந்தப் பூட்டின்மேல்தான் கோபம் வரும், பாட்டிமேல் வராது. பாட்டிகளுக்கு இது பெரிய ஆறுதல்.

ஒன்பது வயதுக்கு மேல் போனால் பிள்ளைகள் அந்தச் செயலியை "குட்டிப் பிள்ளைகளுடையது" என்று ஒதுக்கிவிடுவார்கள். அப்போது கூகுளின் ஃபேமிலி லிங்க் வழியாகப் பெற்றோர் கண்காணிக்கும் கணக்கைத் திறக்கலாம். இதில் 9 வயதுக்கு மேல், 13 வயதுக்கு மேல், ஏறக்குறைய எல்லாம் என்று மூன்று அளவுகள் உள்ளன.

உண்மையான சிக்கல் பாட்டியின் சொந்தக் கைப்பேசிதான். அதில் பாட்டி பக்திப் பாடலும் தொடர் நாடகமும் பார்க்கிறார், மாமா அரசியல் பார்க்கிறார், பிள்ளை பாட்டு பார்க்கிறது. மூன்றையும் கலந்துதான் செயலி அடுத்ததைக் காட்டும். இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. கணக்கின் பார்வை வரலாற்றை முழுவதும் அழித்துவிட்டு, இனிப் பதிய வேண்டாம் என்று நிறுத்திவையுங்கள். வரலாறு இல்லாத கணக்குக்கு முகப்பில் பரிந்துரைகளைக் காட்டுவதில்லை என்று யூடியூப் 2023 ஆகஸ்டில் அறிவித்தது. முகப்பு வெறுமையாக இருந்தால் பாட்டி தேடித்தான் எடுக்க வேண்டும். அந்தச் சிறு தடையே பாதிக் காவல். அதோடு, ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் பொத்தானை அணைத்துவிடுங்கள். பெரியவர்களுக்கான காணொளிகளை மறைக்க முயலும் கட்டுப்படுத்தப்பட்ட பயன்முறை என்று ஒன்று இருக்கிறது. அதையும் போட்டு வையுங்கள், ஆனால் அதை நம்பி எழுந்து போகாதீர்கள். ஒரு கருவியில் போட்டது இன்னொன்றில் இருக்காது. வீட்டுத் தொலைக்காட்சியில் தனியாகப் போட வேண்டும்.

மூன்றாம் படி: "சிறுவருக்கானது" என்ற குறி எதைச் சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெற்றோர் பலர் இந்தக் குறியைத் தரமுத்திரையாக நினைக்கிறார்கள். இது எப்படி வந்தது என்று தெரிந்தால் அப்படி நினைக்க மாட்டார்கள். பிள்ளைகளின் தகவல்களைப் பெற்றோர் ஒப்புதலின்றித் திரட்டியதாக எழுந்த வழக்கில், 2019 செப்டம்பரில் கூகுளும் யூடியூபும் அமெரிக்காவில் 170 மில்லியன் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. அதன் விளைவாக 2020 ஜனவரி முதல், காணொளி ஏற்றுபவர் தன் காணொளி சிறுவருக்கானதா இல்லையா என்று குறிப்பிட வேண்டும். அப்படிக் குறித்தால் கருத்துப் பகுதி மூடப்படும், பார்ப்பவரைப் பின்தொடரும் விளம்பரங்கள் நிறுத்தப்படும். இவை நல்ல மாற்றங்கள்தான். ஆனால் கதை நல்லதா, மொழி நல்லதா என்று யாரோ உட்கார்ந்து பார்த்து இட்ட முத்திரை அல்ல அது. பெரும்பாலும் ஏற்றியவரே இட்டுக்கொண்டது.

ஒரு நிமிடத்துக்கு 500 மணி நேரத்துக்கும் மேற்பட்ட காணொளிகள் ஏற்றப்படும் இடம் யூடியூப். இயந்திரம் தலைப்பையும் சொற்களையும் வடிவங்களையும் வைத்து வகைபிரிக்கிறது. 2017இல் பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்த கேலிச்சித்திரப் பாத்திரங்களை வைத்து, ஊசி குத்துவதும் ஆளைப் புதைப்பதுமாக எடுக்கப்பட்ட ஏராளமான காணொளிகள் சிறுவர் பகுதிக்குள்ளேயே நுழைந்திருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. இயந்திரத்துக்கு அவை வண்ணமயமான சிறுவர் படங்களாகத்தான் தெரிந்தன.

நான்காம் படி: முதலில் காதால் கேளுங்கள், பிறகு கண்ணால் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் உங்களுக்கு ஒரு படி மட்டுமே நினைவில் நிற்கும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

காணொளியை ஓடவிட்டுத் திரையைக் கவிழ்த்து வையுங்கள். காய் நறுக்கிக்கொண்டே முழுவதும் கேளுங்கள். பாட்டி சமைக்கும்போது பிள்ளை பார்க்கும் காணொளியில் பாட்டிக்குக் கேட்பது அந்த ஒலி மட்டும்தான். படத்தின் வண்ணம் மறைந்தவுடன் குரல்களின் குணம் தெரிந்துவிடும். யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? சிரிப்பு எப்போது வருகிறது? ஒருவன் விழும்போதா, ஒருவனுக்கு ஏதாவது புரியும்போதா? கத்தல் எத்தனை முறை? "சனியனே", "மூதேவி" போன்ற சொற்கள் வேடிக்கையாகச் சொல்லப்படுகின்றனவா? பிள்ளை முதலில் திருப்பிச் சொல்லும் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

பிறகு படத்தோடு இன்னொரு முறை, கடைசி நொடி வரை. தொகுப்புகளில் கோளாறு பெரும்பாலும் பின்பகுதியில்தான் இருக்கிறது. ஏற்றுபவர்கள் நீளத்துக்காக எதையாவது ஒட்டுகிறார்கள். முழுவதும் பார்க்க நேரமில்லை என்றால் அந்தத் தொகுப்பை விட்டுவிட்டு, ஐந்து நிமிடக் காணொளி ஒன்றை எடுங்கள்.

தமிழில் நிறைய வரும் ஒரு வகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேலிச்சித்திர வடிவில் "நீதிக் கதைகள்" என்ற பெயரில் வரும் மாமியார் மருமகள் கதைகள். படம் சிறுவர் படம் போலவே இருக்கும். மந்திரப் பானை, பேசும் மாடு, ஏழை மகள் எல்லாம் வரும். உள்ளே வரதட்சணை, அடி, பட்டினி, கருப்பான மருமகளை எல்லாரும் ஒதுக்குவது, அவள் மந்திரத்தால் சிவப்பாக மாறியதும் கொண்டாடுவது. முடிவில் ஒரு வரி நீதி சொல்லிவிட்டால் பதினைந்து நிமிடக் கொடுமையும் கதையாகிவிடுகிறது. எங்கள் வகுப்பில் ஒரு பெண் குழந்தை மாவைக் கையில் பூசிக்கொண்டு "இப்போது நான் நல்ல பிள்ளை" என்று நின்றாள். அவள் எந்தக் கதையைப் பார்த்தாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து, நிறத்தை வைத்து ஒருவரை உயர்த்தும் தாழ்த்தும் எதையும் எவ்வளவு அழகாக எடுத்திருந்தாலும் நாங்கள் சேர்ப்பதில்லை. இதில் எங்களிடம் விதிவிலக்கு கிடையாது.

வேகத்தையும் பாருங்கள். 2011இல் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 60 நான்கு வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு வேகமாகக் காட்சி மாறும் கேலிச்சித்திரத்தை 9 நிமிடம் காட்டினார்கள். உடனே கொடுக்கப்பட்ட கவனம், பொறுமை சார்ந்த பணிகளில், படம் வரைந்துகொண்டிருந்த பிள்ளைகளைவிட இவர்கள் பின்தங்கினார்கள். ஒற்றை ஆய்வை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட முடியாது. ஆனாலும் ஒரு காட்சி மூன்று நொடிகூட நிற்கவில்லை என்றால் நான் அதை ஒதுக்கிவிடுகிறேன். குறுங்காணொளிகளையும் நாங்கள் தொடுவதில்லை. ஒன்றைப் பார்த்து ஒப்புதல் தரலாம், ஆனால் விரலை ஒருமுறை தள்ளினால் வரும் அடுத்ததை யார் பார்ப்பது?

பொம்மைப் பெட்டியைப் பிரித்துக் காட்டும் காணொளிகள் இருபது நிமிட விளம்பரங்கள். நான் இவற்றைத் தடுப்பதில்லை, பரிந்துரைப்பதும் இல்லை.

கடைசியாக, அதே அலைவரிசையில் உள்ள வேறு ஐந்து காணொளிகளின் முகப்புப் படங்களைப் பாருங்கள். வாய் பிளந்து அலறும் முகங்களும், பேயும், சிவப்பு அம்புகளும் நிறைந்திருந்தால், நீங்கள் தேர்ந்த ஒன்று நல்லதாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பிள்ளை ஒன்றோடு நிற்காது.

ஐந்தாம் படி: தமிழையும் சோதியுங்கள்

இது எங்கள் குழுவில் அதிகம் விவாதம் நடந்த இடம். இயந்திரக் குரலில் செய்யப்பட்ட குழந்தைப் பாடல்கள் இப்போது பெருகிவிட்டன. அவற்றில் வாழைப்பழம் "வாளைப்பளம்" ஆகிறது, திரையில் எழுத்துகள் உடைந்து நிற்கின்றன, கொம்பு இடம் மாறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டில் தமிழ், வெளியில் மலாய், தொலைக்காட்சியில் ஆங்கிலம் என்று வளரும் நம் பிள்ளைகளுக்கு ழகரத்தைக் கேட்கும் வாய்ப்பே குறைவு. அதனால் உச்சரிப்புப் பிழையை நான் சிறிய குறையாக எண்ணுவதில்லை. படம் சுமாராக இருந்தாலும் ஒரு மனிதர் வாய் திறந்து தெளிவாகப் பேசும் காணொளிதான் என் தேர்வு.

வட்டாரச் சொல் வேறுபாடு குறையல்ல. தமிழ்நாட்டுக் காணொளியில் வரும் சொல் இங்கே புழங்காதது என்றால் குறிப்பில் எழுதிவிடுங்கள். பிள்ளைக்கு இரண்டு சொற்கள் கிடைக்கும்.

எங்கே தேடுவது? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக் கல்விப் பகுதியிலிருந்து தொடங்கலாம். பாட்டும் கதையும் அசைபடமாக அங்கே இருக்கின்றன. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நாமே வாய்விட்டுப் படித்துக் காட்டுவதற்கு அவை ஏற்றவை. பெரிய பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டு அரசின் கல்வித் தொலைக்காட்சிப் பாடங்களில் அறிவியல் பகுதிகள் உதவும், பாடத்திட்டம் வேறு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மலாய்க் காணொளிகளை ஒதுக்காதீர்கள். 2007இல் தொடங்கிய உப்பின் இப்பின் என்ற கேலிச்சித்திரத் தொடரில் முத்து என்ற கடைக்காரரும் அவர் மகன் ராஜூவும் வருகிறார்கள். தன்னைப் போன்ற ஒரு பிள்ளையைக் கம்பத்து (கிராமத்து) நண்பர்களில் ஒருவனாகப் பார்ப்பது நம் பிள்ளைகளுக்கு வேண்டிய அனுபவம்.

ஆறாம் படி: குறிப்பெழுதி அனுப்புங்கள்

வெறும் இணைப்பை அனுப்புவது பரிந்துரை ஆகாது. எங்கள் குறிப்பு ஒன்று இப்படி இருக்கும்:

"வண்ணத்துப்பூச்சி பிறக்கும் கதை. 6 நிமிடம். நான்கு வயது முதல். முழுவதும் பார்த்தேன். மூன்றாவது நிமிடத்தில் ஒரு குளவி புழுவைத் தூக்கிக்கொண்டு போகிறது, பயப்படும் பிள்ளை என்றால் பக்கத்தில் இருங்கள். பேசுபவர் பட்டாம்பூச்சி என்கிறார்; நாம் வகுப்பில் சொல்லும் வண்ணத்துப்பூச்சிதான் அது. பார்த்த பிறகு வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் இலைக்கு அடியில் தேடிப்பாருங்கள்."

வயது, நிமிடம், கவனிக்க வேண்டிய இடம், பார்த்த பின் செய்யக்கூடிய ஒரு காரியம், பார்த்தவர் பெயர். இவ்வளவும் இருந்தால் போதும். "மிகவும் அருமை, அனைவரும் பார்க்கவும்" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் தெரியாது. மேலே சொன்ன குறிப்பு போன வாரம் மூன்று வீடுகளில் கறிவேப்பிலைச் செடியைத் தேடவைத்தது. ஒரு குடும்பம் விடுமுறை நாளில் தெலுக் பாஹாங் வண்ணத்துப்பூச்சிப் பண்ணைக்கே போய்வந்தது.

இணைப்பைத் தொட்டால் பெரும்பாலும் பெரியவர்களின் செயலிதான் திறக்கும். ஆகவே பெரியவரே திறந்து, ஓடவிட்டு, திரையை முழு அளவில் வைத்துக் கொடுக்க வேண்டும். இதைப் புதிதாகச் சேரும் ஒவ்வொரு பாட்டிக்கும் நேரில் செய்து காட்டுகிறோம். எழுதிப் புரியவைக்க முடியவில்லை.

ஏழாம் படி: கெட்டதைக் கண்டால்

பிள்ளையின் முன் பதறாதீர்கள். கைப்பேசியைப் பிடுங்கினால் அடுத்த முறை அது மறைத்துப் பார்க்கும். "இது உனக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டுவிட்டு மெதுவாக நிறுத்துங்கள். பிறகு அந்த அலைவரிசையைத் தடுத்து, அந்தக் காணொளிக்கான புகார் பொத்தானை அழுத்தி, எந்த நிமிடத்தில் என்ன வந்தது என்று குறிப்பிடுங்கள்.

எச்சரிக்கைக்காக அந்தக் காணொளியையே குழுவில் பகிராதீர்கள். நல்லெண்ணத்தில் செய்யும் இந்தக் காரியம்தான் அதை நூறு கைப்பேசிகளுக்குக் கொண்டு செல்கிறது. அதில் சிறுவரைப் பாலியல் முறையில் காட்டும் ஏதாவது இருந்தால், மலேசியாவில் 2017ஆம் ஆண்டின் சிறுவர் பாலியல் குற்றச் சட்டப்படி அதை வைத்திருப்பதும் பகிர்வதும் குற்றம். சேமிக்காமல், அனுப்பாமல், காவல் துறையிடமோ மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடமோ இணைப்பின் முகவரியை மட்டும் எழுதிப் புகார் கொடுங்கள். ஒரு பிள்ளை ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் தாலியான் காசே உதவி எண் 15999 எந்த நேரத்திலும் எடுக்கும்.

வதந்திகளிலும் கவனம் வேண்டும். 2019 பிப்ரவரியில் மோமோ என்ற கோர முகம் சிறுவர் காணொளிகளுக்கு நடுவே தோன்றிப் பிள்ளைகளை மிரட்டுகிறது என்ற செய்தி உலகமெங்கும் பரவியது. யூடியூப் தேடிப் பார்த்து, அப்படிப்பட்ட காணொளிக்குச் சான்று இல்லை என்றது. அந்த முகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டியது பெரும்பாலும் பெற்றோர் பகிர்ந்த எச்சரிக்கைகள்தான். எங்கள் குழுவில் இப்போது ஒரு விதி இருக்கிறது: தானே பார்க்காத ஆபத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

எட்டாம் படி: பட்டியலைத் திரும்பத் திரும்பக் களையெடுங்கள்

மாதத்தின் முதல் ஞாயிறு மூவரும் உட்கார்ந்து பழைய இணைப்புகளைத் திறந்து பார்க்கிறோம். சில நீக்கப்பட்டிருக்கும். சில அலைவரிசைகள் கைமாறி வேறு மாதிரி ஆகியிருக்கும். மூவரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்தக் காணொளி வெளியே போகும், வாதம் கிடையாது. பிள்ளைகளிடமும் கேட்கிறோம். எனக்கு மிகவும் பிடித்திருந்த நதிக் காணொளி ஒன்றை ஐந்து பிள்ளைகளும் சலிப்பு என்றார்கள். எடுத்துவிட்டோம்.

இப்போது பட்டியலில் அதிகமாகத் திரும்பப் பார்க்கப்படுபவை எங்கள் பாட்டிகளே எடுத்தவை. ஒருவர் ஆப்பம் சுடுகிறார், ஒருவர் பூச்சரம் தொடுக்கிறார், ஒருவர் தான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் விடியற்காலையில் பால் மரம் சீவப் போன கதையைச் சொல்கிறார். மூன்று, நான்கு நிமிடங்கள்தான். இவை குழுவுக்கு வெளியே போவதில்லை, பிள்ளைகளின் முகம் இவற்றில் வருவதில்லை. இவற்றையும் மற்றவற்றைப் போலவே கவிழ்த்துக் கேட்டு, நிமிர்த்திப் பார்த்த பிறகே அனுப்புகிறோம். போன மாதம் ஆப்பக் காணொளியில் பின்சுவரில் பேத்தியின் பள்ளிச் சான்றிதழ் முழுப் பெயரோடு தெளிவாகத் தெரிந்தது. பாட்டியிடம் சொன்னோம். மறுநாள் சான்றிதழைக் கழற்றி வைத்துவிட்டு, புது மாவு கரைத்து, திரும்ப எடுத்து அனுப்பினார்.